கிறிஸ்துமஸ் மரம் காய்கிறதா? கடலூர், புதுச்சேரித் தோட்டங்களுக்கு அறிகுறிவாரியான பிழை நீக்கும் வழிமுறை

வீட்டு வாசலிலோ தேவாலய வளாகத்திலோ அடுக்கடுக்காகக் கிளை விரித்து நிற்கும் கிறிஸ்துமஸ் மரம் வாடத் தொடங்கினால், நம் ஊரில் முதலில் நடப்பது தண்ணீரைக் கூடுதலாக ஊற்றுவது. அடுத்து உரம் போடுவது. இரண்டும் சேர்ந்தால் பிழைக்க வேண்டிய மரமும் போய்விடும்.

இந்த மரத்தில் கோளாறு எந்த இடத்தில் தெரிகிறது என்பதைக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். அடியிலா, உச்சியிலா, ஒரு பக்கத்தில் மட்டுமா, மரம் முழுவதுமா? அதைப் பார்த்துவிட்டு, மண்ணில் விரலை நான்கு அங்குலம் நுழைத்து ஈரத்தைப் பார்த்துவிட்டு, பிறகுதான் கை வைக்க வேண்டும். வேம்பையும் பூவரசையும் வெட்டினால் மறுபடி தழைக்கும். கிறிஸ்துமஸ் மரத்துக்கு அந்தத் தாராளம் கிடையாது. அது இழந்த கிளை பெரும்பாலும் இழந்ததுதான். அதனால்தான் இவ்வளவு வற்புறுத்திச் சொல்கிறேன்.

முதலில், உங்களிடம் இருப்பது எந்த மரம்?

படங்களில் பனி படர்ந்து நிற்கும் ஃபிர் மரம் குளிர்நாட்டுக்காரன். இமயமலையில் சுமார் 2,000 மீட்டருக்கு மேலே, பனி விழும் சரிவுகளில் காடாக நிற்கிறது. ஆண்டுதோறும் நீண்ட குளிர்காலம் ஒன்றைக் கடந்தால்தான் அதன் மொட்டுகள் ஒழுங்காக விரியும். கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தொட்டுவிட்டு இரவிலும் புழுங்கும் நம் கடற்கரையில் அதற்கு வாழ வழியே இல்லை. இணையத்தில் ஃபிர் விதை வாங்கிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து முளைக்கச் செய்யலாம். மார்கழியில் அந்த நாற்று பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் கோடையைத் தாண்டாது. அது கருகும்போது மருந்து தேடி அலையாதீர்கள். உங்கள் பராமரிப்பில் குறையில்லை, இந்த ஊரின் வெப்பம்தான் அதற்கு ஒத்துவரவில்லை.

நம் நர்சரிகளில் கிறிஸ்துமஸ் மரம் என்று விற்கப்படுவது அரோகேரியா. அதிலும் இரண்டு வகைகள் ஒரே பெயரில் கலந்து வருகின்றன. ஒன்று நார்ஃபோக் தீவு பைன், மற்றொன்று நியூ கலிடோனியாவின் குக் பைன். 1774ஆம் ஆண்டு கேப்டன் குக்கின் கப்பல் இந்த இரண்டு நிலங்களையும் அடுத்தடுத்துக் கண்டது. நார்ஃபோக் வகை அகன்ற கூம்பாக வளரும். அடுக்குகளுக்கு இடையே நல்ல இடைவெளி இருக்கும், கீழ்க்கிளைகள் நீளமாக இருக்கும். குக் வகை வளர வளர ஒடுங்கித் தூண்போல உயரும், கிளைகள் குட்டையாக நெருங்கியிருக்கும். சின்னக் கன்றாக இருக்கும்போது இரண்டையும் பிரித்தறிவது கடினம்.

இந்த வேறுபாடு வெறும் பெயர்ப் பலகைக்காக அல்ல. நார்ஃபோக் தீவில் வெயில் மிதமானது, நம் சித்திரையை அந்த மரம் சிரமப்பட்டே தாண்டும். நியூ கலிடோனியா வெப்பமண்டலத்துக்குள் இருப்பதால் குக் வகை நம் வெயிலை எளிதாக ஏற்றுக்கொள்கிறது. மேலும், குக் வகை பழைய கிளையை உதிர்த்துவிட்டுத் தண்டிலிருந்து குட்டையான புதுக்கிளையை விடக்கூடியது. நார்ஃபோக் வகை அப்படி விடுவதில்லை. புதிதாக வாங்குபவர்களுக்கு என் பரிந்துரை குக் வகைதான்.

அறிகுறி: கீழ் அடுக்குக் கிளைகள் மட்டும் பழுத்துக் காய்கின்றன

மக்கள் அதிகம் பதறுவது இதற்குத்தான். காரணங்களும் அதிகம். ஒன்றொன்றாக விலக்கிக்கொண்டு வர வேண்டும்.

இலை எப்படி உதிர்கிறது என்று முதலில் பாருங்கள். அரோகேரியாவில் ஊசியிலைகள் தனித்தனியாகக் கொட்டாது. சிறு கிளை முழுவதும் பழுப்பாகி, இலைகளோடு சேர்ந்தே விழும். அப்படி விழுந்த சடைகள் மரத்தடியில் கிடந்தால் அதுவே நோய் என்று எண்ண வேண்டாம். வளர்ந்த மரத்தில், அடியில் உள்ள ஓர் அடுக்கு மட்டும் மெல்ல மெல்லப் பழுத்து, மேலே உச்சிக் குருத்து பச்சையாக நீண்டுகொண்டிருந்தால், அது வயதின் வேலை. ஒன்றும் செய்ய வேண்டாம்.

ஒரே பருவத்தில் இரண்டு மூன்று அடுக்குகள் சேர்ந்து காய்ந்தால் கதை வேறு. மரம் தொட்டியில், வரவேற்பறையில் அல்லது போர்டிகோவுக்குள் இருக்கிறதா? அப்படியானால் வெளிச்சப் பற்றாக்குறையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இது கடலோரத் திறந்தவெளியில் வளரும் மரம். நிழலில் வைத்தால் உடனே சாகாது. வெளிச்சம் கிடைக்காத அடிக்கிளைகளைக் கைவிட்டு, உச்சியை மட்டும் இழுத்து நீட்டும். அடுக்குகளுக்கு நடுவே தண்டு மெலிந்து நீள்வது இதன் உறுதியான அடையாளம். தீர்வு வெளியே கொண்டுபோவதுதான், ஆனால் ஒரேயடியாக அல்ல. முதல் வாரம் காலை வெயில் மட்டும், அடுத்த இரண்டு வாரங்கள் முற்பகல் வரை, அதன் பிறகு முழு வெயில். மே மாதத்தில் இதைத் தொடங்காதீர்கள். ஆடியில் மழை தலைகாட்டிய பிறகு தொடங்கினால் மரத்துக்கு நோவு குறையும்.

மரம் வெளியில், தரையில் நிற்கிறது, அப்போதும் அடி காய்கிறது என்றால் மண்ணைத் தோண்டிப் பாருங்கள். நான்கு அங்குல ஆழத்தில் மண் பொடியாக உதிர்ந்தால் தாகம். கோடையில் இளம் மரத்துக்குத் தினமும் ஒரு குவளை ஊற்றுவதால் மேல்மண் மட்டுமே நனையும், வேர்களும் மேலேயே சுற்றும். கிளைகளின் விரிவுக்குச் சமமாக வட்டப் பாத்தி கட்டி, வாரத்துக்கு இரண்டு முறை பாத்தி நிரம்ப விடுங்கள். சவுக்குச் சருகோ தென்னை மட்டையோ மூன்று அங்குலத்துக்கு மூடாக்காகப் போடுங்கள். தண்டை ஒட்டி மட்டும் ஒரு சாண் இடம் விட்டுவிடுங்கள். நம் கரையில் சவுக்குச் சருகுக்குப் பஞ்சமே இல்லை, அதைக் கொளுத்துவதைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

மண் ஈரமாக இருந்தும் அடி காய்ந்தால் அடுத்த அறிகுறிக்குச் செல்லுங்கள்.

அடிக்கிளை இடைஞ்சலாக இருக்கிறது, கார் நிறுத்த வேண்டும் என்று பச்சைக்கிளையை வெட்டுபவர்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தக் கிளை பல ஆண்டுகள் பச்சையாக நிற்கக்கூடியது. தண்டின் அடியை வெயிலிலிருந்து காப்பதும், தன் நிழலால் வேர்மண்ணைக் குளிர்விப்பதும் அதுதான். நார்ஃபோக் வகையில் அது திரும்ப வராது. காரை வேறிடத்தில் நிறுத்துங்கள். முழுவதும் காய்ந்த கிளையைத் தாராளமாக வெட்டலாம். தண்டோடு சேரும் இடத்தில் உள்ள வீக்கத்தைச் சேதப்படுத்தாமல், கூரான ரம்பத்தால் வெட்டுங்கள். வெள்ளைப் பிசின் வடியும். அது மரம் தன் காயத்தைத் தானே மூடும் வழி. மேலே பெயின்ட் பூச வேண்டாம்.

அறிகுறி: மரம் முழுவதும் சாம்பல் பச்சையாக மங்குகிறது, மண்ணோ சொதசொதவென்று இருக்கிறது

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு நம் பகுதியில் அரோகேரியாக்களைக் கொல்லும் முதல் எதிரி இது. நமக்கு ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் சுமார் 48 செ.மீ. மழை பதிவானது. அவ்வளவு தண்ணீர் மண்ணில் தேங்கினால் வேருக்குக் காற்று கிடையாது. மூச்சு முட்டிய வேர் அழுகும். அழுகிய வேர் தண்ணீரை உறிஞ்சாது. எனவே தண்ணீரில் நின்றுகொண்டே மரம் தாகத்தில் வாடும். மேலிருந்து பார்ப்பவருக்கு வறட்சிபோலத் தெரியும், உடனே குழாயைத் திறந்துவிடுவார்.

மண்ணைக் கொஞ்சம் எடுத்து முகர்ந்து பாருங்கள். சாக்கடை வாடை வந்தால் வேர் அழுகத் தொடங்கிவிட்டது. பாகூர் ஏரிப் பாசனப் பகுதியிலும், கெடிலம், தென்பெண்ணை வண்டல் படிந்த தாழ்நிலங்களிலும் இது எளிதில் நேரும். லாஸ்பேட்டை மேட்டிலும் கடலூர் கேப்பர் மலையிலும் இந்தத் தொல்லை குறைவு. திருவக்கரையின் கல்மரங்கள் புதைந்து கிடந்த அதே கடலூர் மணற்பாறையின் செம்மண்தான் அந்த மேடுகளில் இருக்கிறது. தண்ணீரை வடியவிடும் இந்தச் செம்மண்ணைவிட அரோகேரியாவுக்கு ஏற்ற மண் நம் பக்கத்தில் இல்லை என்பேன்.

செய்ய வேண்டியது: தண்ணீர் தேங்கியிருந்தால் மரத்திலிருந்து மூன்று, நான்கு அடி தள்ளி ஒரு முழ ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி வடித்துவிடுங்கள். மூடாக்கை முழுவதும் விலக்கி மேல்மண்ணைக் காயவிடுங்கள். உரம் எதுவும் வேண்டாம், யூரியாவை நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம். மண் கையில் ஒட்டாத பதத்துக்கு வந்த பிறகு, நன்கு மக்கிய தொழு உரத்தில் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து கிளை விரிவின் ஓரமாகத் தூவிக் கிளறிவிடலாம். இது அழுகலைப் பரப்பும் பூஞ்சைகளுக்கு எதிரான உயிரி. இறந்த வேரை அது உயிர்ப்பிக்காது, மிச்சமிருப்பதைக் காக்க உதவும்.

மரம் பிழைக்குமா என்று தெரிய வேண்டுமா? தண்டின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே ஈரமும் பச்சையும் தெரிந்தால் காத்திருக்கலாம். உச்சிக் குருத்தை மெல்ல வளைத்துப் பாருங்கள். வளைந்தால் உயிர் இருக்கிறது, சடக்கென்று ஒடிந்தால் இல்லை. மரம் முழுவதும் செம்பழுப்பாகிவிட்டால் அது திரும்பாது. மருந்துக்குச் செலவழிக்காமல் அடுத்த கன்றை ஒன்றரை அடி உயர மேடு கட்டி நடுங்கள்.

அறிகுறி: நட்டுச் சில மாதங்களிலேயே வளர்ச்சி நின்று, நுனிகள் தொங்குகின்றன

கன்று எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். நம் பகுதி நர்சரிகளுக்குப் பல கன்றுகள் ஆந்திராவின் கடியத்திலிருந்து லாரியில் வருகின்றன. வெளியூரிலிருந்து வரும் கன்றுகளின் வேரைச் சுற்றி ஒட்டும் களிமண் பந்து இருப்பது வழக்கம். அதை அப்படியே வீராம்பட்டினம் அல்லது தேவனாம்பட்டினம் மணலில் புதைத்தால், ஊற்றும் தண்ணீர் மணல் வழியே கீழே ஓடிவிடும். உள்ளே களிமண் பந்து செங்கல்போல இறுகிக் கிடக்கும். வெளியே தோட்டம் ஈரம், உள்ளே வேர் வறட்சி.

மெல்லிய கம்பியைத் தண்டுக்கு அருகில் சாய்வாகச் செலுத்துங்கள். இறங்காமல் முட்டினால் இதுதான் காரணம். பந்துக்குள் நாலைந்து இடங்களில் கம்பியால் துளையிட்டு, அரை மணி நேரத்துக்குச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். சில நாள் இடைவெளியில் மீண்டும் செய்யுங்கள். புதிதாக நடுபவர்கள், நடுவதற்கு முன்பே பந்தை வாளித் தண்ணீரில் ஊறவைத்து, வெளிப்புறக் களிமண்ணைக் கையால் கரைத்துவிட்டு நட வேண்டும்.

அப்போதே வேரையும் பாருங்கள். நெடுநாள் பையில் இருந்த கன்றின் வேர் வட்டமாகச் சுற்றியிருக்கும். அதைப் பிரித்து நேராக்காமல் நட்டால், மரம் இருபதடி உயர்ந்த பிறகும் நிலத்தில் பிடிப்பில்லாமல் நிற்கும். முதல் பெரிய புயலில் அது பிடுங்கிக்கொண்டு சாயும். பெரிய வேர்களை அதிகம் அறுக்க வேண்டாம், அரோகேரியாவுக்கு வேரில் காயம் பிடிக்காது. சுருண்ட மெல்லிய வேர்களை மட்டும் வெட்டி, மற்றதை வெளிப்பக்கமாக விரித்துவிடுங்கள். பெரிதாக வளர்ந்த கன்றை அழகுக்காகக் கூடுதல் விலை கொடுத்து வாங்குவதைவிட, இரண்டடிக் கன்றை வாங்குவது எல்லா வகையிலும் நல்லது.

அறிகுறி: புதுத் தளிர் வெளிர் மஞ்சளாக வருகிறது, பழைய இலை பச்சையாகவே இருக்கிறது

இரும்புச்சத்து ஏறவில்லை. மண்ணில் இரும்பு இல்லை என்று பொருளல்ல. மண் காரமாகிவிட்டதால் வேரால் அதை எடுக்க முடியவில்லை. நம் வீட்டுமனைகளில் இதற்குப் பெரும்பாலும் காரணம் கட்டட இடிபாடு. வீடு கட்டி முடித்ததும் சுண்ணாம்புக் காரையும் சிமென்ட் சல்லியும் சுற்றுச்சுவர் ஓரமாகப் புதைக்கப்படும், அதே இடத்தில் மரம் நடப்படும். இன்னொரு காரணம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். கடற்கரையை ஒட்டிய பல இடங்களில் அது உப்பும் கடினத்தன்மையும் நிறைந்தது. தொட்டியின் விளிம்பில் வெள்ளைப் படிவம் பூத்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

மண்ணையும் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுங்கள். புதுச்சேரிக்காரர்கள் குரும்பாபேட்டை பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்தையும், கடலூர் மாவட்டத்தார் விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகலாம். கார அமிலத் தன்மை (pH) 8ஐத் தாண்டியிருந்தால், அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) அப்படியே மண்ணில் கொட்டுவதால் பயன் குறைவு, சுண்ணாம்பு அதைக் கட்டிப்போட்டுவிடும். மக்கிய எருவோடு கலந்து இடுங்கள். உடனடித் தேவைக்கு லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் அன்னபேதியை, சில சொட்டு எலுமிச்சைச் சாறோடு கரைத்து மாலையில் தெளிக்கலாம். தரையில் பட்டால் துருக்கறை போகாது, டைல்ஸ் வாசல்காரர்கள் கவனிக்கவும். மண் மிகவும் காரமானால், சுண்ணாம்பு கட்டிப்போட முடியாதபடி பிணைக்கப்பட்ட ஈ.டி.டி.ஹெச்.ஏ. கீலேட் வடிவ இரும்பு நன்றாக வேலை செய்யும். மழைக்காலத்தில் மொட்டைமாடி நீரைச் சேமித்து, தொட்டி மரங்களுக்கு அதையே ஊற்றுங்கள். உப்பு ஏறிய தொட்டியில், அடித்துளை வழியே தாராளமாக வழிந்தோடும்படி மழைநீரை மூன்று நான்கு முறை ஊற்றிக் கழுவிவிடலாம்.

பழைய இலை முதலில் மஞ்சளாகி, புதுத்தளிர் பச்சையாக இருந்தால் அது தழைச்சத்துக் குறைவு. மண்புழு உரம் போதும்.

அறிகுறி: ஒரு பக்கம் மட்டும் கருகியிருக்கிறது

எந்தப் பக்கம் என்று திசை பாருங்கள்.

மேற்குப் பக்கம் என்றால் வைகாசி, ஆனி மாதங்களின் மேல்காற்று. கடற்காற்று தாமதமாக வரும் நாட்களில் அனல் நேராக அடிக்கும். மேற்கே வெள்ளையடித்த சுவரோ தகரக் கூரையோ இருந்தால் வெப்பம் இரட்டிப்பாகும். இளம் மரத்துக்கு அந்த இரண்டு மாதங்கள் மட்டும் மேற்கில் பச்சை நிழல்வலை கட்டுங்கள். அதிகாலையில் தண்ணீர் விடுங்கள்.

கிழக்குப் பக்கம் என்றால், உப்புக்காற்று என்று உடனே முடிவு செய்துவிடாதீர்கள். அரோகேரியா உப்புக்காற்றைத் தாங்குவதில் பேர்பெற்ற மரம், தீவுக்கரைகளில் அலை தெறிக்கும் தூரத்தில் வளர்ந்து பழகியது. ஆனால் அதற்கு ஒரு பலவீனம் உண்டு. ஆஸ்திரேலியாவின் சிட்னி கடற்கரைகளில் வரிசையாக நின்ற நார்ஃபோக் பைன்கள் கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் கடல் பார்த்த பக்கமாகக் கருகத் தொடங்கின. கடலில் விடப்பட்ட கழிவுநீரிலிருந்த சலவைப்பொருள்தான் காரணம் என்று கண்டறிந்தார்கள். அது இலை மேலுள்ள மெழுகுப் பூச்சைச் சிதைக்கிறது, பூச்சு போனதும் உப்பு உள்ளே புகுந்துவிடுகிறது. எனவே துணி துவைத்த தண்ணீரை மரத்தடியில் விடும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். சிக்கனம் நல்லதுதான், அந்தத் தண்ணீரை வேறு எங்காவது விடுங்கள். புயலுக்குப் பிறகு இலைகளில் உப்பு படிந்திருந்தால், மறுநாளே நல்ல தண்ணீரைக் குழாயால் மரம் முழுவதும் பீய்ச்சிக் கழுவுங்கள்.

அறிகுறி: மரம் சாய்ந்து நிற்கிறது

சாய்வில் ஆபத்தானதும் உண்டு, இயல்பானதும் உண்டு. குக் பைனுக்குப் பூமத்திய ரேகையை நோக்கிச் சாயும் இயல்பு இருப்பதாக 2017இல் வெளியான ஓர் ஆய்வு உலகின் பல பகுதிகளில் அளந்து காட்டியது. சராசரிச் சாய்வு 8 டிகிரிக்கும் அதிகம். ரேகையிலிருந்து தூரம் கூடக் கூடச் சாய்வும் கூடுகிறது. நாம் இருப்பது ஏறத்தாழ 12 டிகிரி வடக்கில். ஆகவே உங்கள் மரம் தெற்கே லேசாக, மெல்லிய வளைவோடு, பல ஆண்டுகளாக ஒரே அளவில் சாய்ந்திருந்தால் அது அதன் குணம். கயிறு கட்டி நிமிர்த்த முயல வேண்டாம்.

வேறு திசையில், அதுவும் புயலுக்குப் பிறகு புதிதாகச் சாய்ந்திருந்தால் அடிமண்ணைப் பாருங்கள். சாய்வுக்கு எதிர்ப்பக்கத்தில் மண் வெடித்தோ எழும்பியோ இருந்தால் வேர்த்தட்டே அசைந்துவிட்டது. பத்தடிக்குக் குறைவான மரத்தை, மண் ஈரமாக இருக்கும் இரண்டு மூன்று நாட்களுக்குள் மெல்ல நிமிர்த்தி, மூன்று பக்கமும் கொம்பு நட்டு, பழைய சைக்கிள் டியூபால் தளர்வாகக் கட்டலாம். ஓராண்டுக்குப் பிறகு கட்டை அவிழ்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் தண்டில் பதிந்துவிடும். வீட்டின் மீது விழக்கூடிய பெரிய மரமாக இருந்தால் நிமிர்த்தும் வேலையில் இறங்காதீர்கள். அனுபவமுள்ள மரம் வெட்டுபவரை அழைத்துக் காட்டி முடிவெடுங்கள். எனக்கு எந்த மரத்தையும் வெட்டச் சொல்வது வலிக்கும், ஆனாலும் வேர்த்தட்டு எழும்பிய அறுபதடி மரத்தின் கீழே குழந்தைகள் தூங்கக் கூடாது.

2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாக வேரோடு சாய்ந்தன. அத்தகைய காற்று மீண்டும் வரும் என்ற எண்ணத்தோடுதான் இங்கே மரம் நட வேண்டும். சுவரிலிருந்தும் மின்கம்பியிலிருந்தும் குறைந்தது இருபதடி தள்ளி நடுங்கள். இடமில்லையா? தொட்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: உச்சி ஒடிந்துவிட்டது

ஃபிர் மரத்தில் உச்சி போனால் பக்கக்கிளை ஒன்று மேலெழுந்து அந்த இடத்தைப் பிடிக்கும். அரோகேரியாவின் பக்கக்கிளைக்கு அந்தப் புத்தி கிடையாது, அது கடைசிவரை பக்கவாட்டிலேயே வளரும். அதை வளைத்துக் கட்டி உச்சியாக்கும் முயற்சி வீண். புது உச்சி, ஒடிந்த இடத்துக்குக் கீழே நடுத்தண்டிலிருந்துதான் முளைக்க வேண்டும்.

ஒடிந்த முனையைச் சாய்வாகச் சுத்தமாக வெட்டிவிட்டுக் காத்திருங்கள். சில மாதங்களில் இரண்டு மூன்று குருத்துகள் நிமிர்ந்து வரலாம். அவை விரல்நீளம் ஆனதும், தண்டோடு உறுதியாகச் சேர்ந்திருக்கும் நேரான ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுங்கள். எல்லாவற்றையும் விட்டால் மரம் கவைக்கவையாகப் பிரிந்து, பின்னாளில் காற்றில் பிளக்கும். மின்கம்பியைத் தொடுகிறது என்று உச்சியை வெட்டிக்கொண்டே இருப்பதால் ஆண்டுக்கு ஆண்டு இந்தக் கவைகள்தான் பெருகும். அந்த மரத்துக்கு அந்த இடம் சரியில்லை என்பதே அங்குள்ள பிழை.

அறிகுறி: கன்று நிமிராமல் படுத்தே வளர்கிறது

பக்கக்கிளையை வெட்டி வேர்பிடிக்க வைத்த கன்று அது. என்ன செய்தாலும் நிமிராது. விதையிலிருந்தோ உச்சித்தண்டுப் போத்திலிருந்தோ வந்த கன்று மட்டுமே நேராக வளரும். வாங்கும்போது எல்லாப் பக்கமும் சமமாகக் கிளை பிரிந்திருக்கிறதா என்று மேலிருந்து பாருங்கள்.

அறிகுறி: இலைக்கணுக்களில் வெள்ளைப் பஞ்சு, பிசுபிசுப்பு, கருப்புப் படலம்

மாவுப்பூச்சி. அதன் தேன்கழிவைத் தேடி எறும்பு வரும், அதே கழிவின் மேல் கரும்பூசணம் படரும். எறும்பை நிறுத்தாமல் மாவுப்பூச்சியை ஒழிக்க முடியாது. தொட்டியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வையுங்கள். தரையில் நிற்கும் மரத்தின் தண்டில் துணிப்பட்டை சுற்றி அதன் மேல் கிரீஸ் தடவுங்கள். பிறகு வேகமாகத் தண்ணீர் பீய்ச்சிப் பூச்சியை உதிர்த்துவிட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிதளவு காதி சோப்பில் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள். முதலில் ஒரு கிளையில் சோதித்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள். மறுநாள் காலையில் நல்ல தண்ணீரால் கழுவிவிட வேண்டும், மெழுகுப் பூச்சு பற்றி மேலே சொன்னது இங்கேயும் பொருந்தும்.

பட்டையில் செம்மண் கோடுபோலக் கரையான் புற்று ஏறினால் சுரண்டிவிட்டு அடியைப் பாருங்கள். பெரும்பாலும் உளுத்த கொம்பையோ காய்ந்த பட்டையையோ தேடித்தான் வந்திருக்கும். அதை அகற்றிவிட்டு வேப்பம்புண்ணாக்கைக் கிளறிவிட்டால் போதும்.

அறிகுறி: ஜனவரியில் திடீரென்று வாடுகிறது

டிசம்பரில் என்ன நடந்தது என்று யோசியுங்கள். தொட்டி மரம் மூன்று வாரம் வரவேற்பறையில் மின்விசிறிக்கும் குளிர்சாதனக் காற்றுக்கும் நடுவே நின்றிருக்கும். சூடாகும் பழைய வகை சீரியல் பல்பு இலையைத் தொட்டிருக்கும். நட்சத்திரம் தொங்கவிட்ட கம்பி கிளையை அறுத்திருக்கும். தரைமரம் என்றால் தண்டில் ஆணி. எல்.இ.டி. விளக்கையே பயன்படுத்துங்கள், தளர்வாகச் சுற்றுங்கள், தேவதை பொம்மையை மென்மையான உச்சிக் குருத்தில் செருகாதீர்கள். குருத்து ஒடிந்தால் என்ன ஆகும் என்பதை மேலே பார்த்தோம். ஸ்ப்ரே பனி அறவே வேண்டாம், இலையின் மூச்சுத்துளைகளை அது அடைக்கிறது.

வீட்டுக்குள் பத்து நாட்களுக்கு மேல் வைக்காமல் இருப்பது உத்தமம். மூன்று ராஜாக்கள் திருநாள் (ஜனவரி 6) வரை வைத்தே ஆக வேண்டுமென்றால், இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை காலை வெயிலுக்குக் கொண்டுபோய் மதியம் உள்ளே எடுங்கள். விழா முடிந்ததும் கம்பிகளையும் நூல்களையும் ஒன்றுவிடாமல் அவிழ்த்துவிட்டு, முதல் வாரம் மாமர நிழலிலோ கிழக்குத் திண்ணையிலோ வையுங்கள். பொங்கலுக்குப் பிறகு முழு வெயிலுக்கு மாற்றலாம். அப்போது தொட்டியின் துளை வழியே வேர் எட்டிப் பார்த்தால், ஒரு அளவு பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு ஆற்று மணல், ஒரு பங்கு மண்புழு உரம் கலந்தால் போதுமானது. தொட்டி மாற்றிய பிறகு ஆறு வாரங்களுக்கு உரம் வேண்டாம்.